முப்பத்தொரு நாள் துடக்கும் மாமாவின் பற்றரியும்

சூக்,
சுவிற்சர்லாந்து,
ஏப்ரல் 28, செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய என் தாய்மாமன் இராஜசிங்கம் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் ஒரே மகள் ரிஷானி தலையைக் குனிந்தபடி எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம். தாங்கள் அங்கே சுகமா என்று அறிய ஆசை இருக்கிறது, வழிதான் இல்லை. தாங்கள் என்னை வாட்ஸ்அப்பில் தடுத்து வைத்து இன்றோடு பதினாறு நாட்கள். தங்கள் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை தெரிகிறது. தினமும் காலையில் அந்த மொட்டைத் தலையிடம்தான் சுகம் விசாரிக்கிறேன்.

மாமா, இதுவரைக்கும் எழுதினது தமிழ்ப் பாடசாலையில 'கடிதம் எழுதுதல்' பாடத்துக்குப் படிச்சது. பதினைஞ்சு புள்ளிக்குப் பன்னிரண்டு தந்தவை. குறைஞ்ச மூண்டுக்கும் பக்கத்தில சிவப்புப் பேனையால 'தேவையற்ற பகிடி' எண்டு எழுதியிருந்தது. இந்தக் கடிதத்தில தேவையான பகிடி மட்டும்தான் இருக்கும், அதுவும் அழுகை வராமல் இருக்கிறதுக்காக. இங்க பள்ளிக்கூடத்தில படிக்கிற டொச்சு மொழியில எழுதியிருந்தால் எனக்கு லேசு. ஆனா டொச்சுக் கடிதம் வந்தால் நீங்கள் உடைக்காமல் மைக்ரோவேவுக்கு மேல வைச்சிட்டு, அம்மா வந்து வாசிச்சுச் சொல்லட்டும் எண்டு ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருப்பீங்கள். இதுக்கு ஒரு மாதம் பொறுக்க ஏலாது. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நீங்கள் இதை வாசிச்சே ஆகவேணும். ஏனெண்டு கடைசியில சொல்லுறன். கடைசிப் பக்கத்தை முதல்ல பிரட்டிப் பார்க்காதேங்கோ, நீங்கள் பேப்பரும் அப்பிடித்தான் பின்னாலையிருந்து வாசிக்கிறனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வாறன். உங்கடை மோட்டச்சைக்கிள் பற்றரியைச் சாகடிச்சது குளிரில்லை, வயசில்லை, நீங்கள் கராஜுக்குள்ள நிண்டு திட்டின அந்தக் கம்பெனிக்காரனுமில்லை. நான்.

முதல்ல இருந்து முறைப்படி எழுதிறன், உங்களுக்குத் தெரிஞ்ச பகுதியும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. போன நவம்பர் கடைசியில, வழமைபோல பனிச்சறுக்கு சீசனுக்கு மலையில இருக்கிற ஹோட்டல் குசினிக்கு வேலைக்குப் போக முதல், மோட்டச்சைக்கிளைக் கொண்டுவந்து எங்கடை கட்டடத்துக்குக் கீழ இருக்கிற கராஜில விட்டனீங்கள். நம்பர் பிளேட்டைக் கழட்டி வாகனக் கந்தோரில குடுத்தாச்சு, போர்வையும் போர்த்தாச்சு. நீங்கள் அதை எப்பவும் 'அவர்' எண்டுதான் சொல்லுவீங்கள், 'அவர் ஏப்ரல் மட்டும் நித்திரை கொள்ளட்டும்' எண்டு சொல்லிப்போட்டு, பற்றரியைக் கழட்டி ஒரு துவாயில சுத்தி, பச்சைப்பிள்ளையைத் தாற மாதிரி என்ரை கையில தந்தீங்கள். சார்ஜரும் தந்தீங்கள். கராஜில இருக்கிற பிளக் பொதுக் கரண்ட் எண்டு கட்டடத்தைப் பராமரிக்கிற எங்கடை அப்வார்ட் ஹெர் ஓடர்மாட் அதுக்கு ஒரு மூடி போட்டுக் குட்டிப் பூட்டும் போட்டு வைச்சிருக்கிறார். நிலவறையில பிளக்கே இல்லை. வீட்டுக்குள்ள வைக்கலாமெண்டால் அம்மா. 'அந்தச் சாமான்ரை ஒரு ஆணி கூட என்ரை வாசல்படி தாண்டக்கூடாது' எண்டு சத்தியம் பண்ணினவ. அப்பதான் நீங்கள் படியில இருந்து, சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னீங்கள்: 'ரிஷானி, உன்னை இந்தக் குடும்பத்தில ஒருத்தரும் நம்பமாட்டினம். நான் நம்பிறன். அம்மாவுக்குத் தெரியாமல் எங்கையாவது செருகிவிடு. சிவப்பு லைட் எண்டால் உடனே சொல்லு, பச்சை எண்டால் சந்தோசம். ஞாயிறு தவறாமல் பார்.' அந்த நேரம் நான் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டினன். இன்சார்ஜ் நான். சார்ஜ் மட்டும்தான் பேந்து இல்லாமல் போனது.

முந்தி ஒருக்கா உங்கடை ஜக்கெற் முதுகில, வண்டி பழகிற ஆக்கள் ஒட்டுற நீல 'எல்' மட்டையை ஒட்டிவிட்டது நான்தான், நீங்கள் அதோடை கோயிலுக்குப் போய், சனம் எல்லாம் 'என்ன தம்பி, நாப்பத்தாறு வயசில பழகிறியளோ' எண்டு கேட்டு, கடைசியில கண்டுபிடிச்சும் கழட்டாமல் அந்தக் கிழமை முழுக்க அதோடை ஓடித் திரிஞ்சீங்கள். அம்மா எண்டால் அகப்பைக்காம்பு. அப்பா எண்டால் ஒரு மணித்தியாலம் உபதேசம். நீங்கள் மட்டும்தான் சிரிச்ச ஆள். அதை யோசிக்கத்தான் எனக்கு இப்ப சாப்பாடு இறங்குதில்லை. (இறங்குது, ஆனா ருசியில்லை.)

சரி, பற்றரியை எங்கை வைச்சன் எண்டு நீங்கள் கேட்கவேயில்லை. இப்ப சொல்லுறன், இருந்துகொண்டு வாசியுங்கோ. எங்கடை வீட்டில அம்மா படுக்கப்போக முதல் எல்லா பிளக்கையும் நிப்பாட்டுவா. ரீவி, வைஃபை, தண்ணி சுடவைக்கிற கேத்தில், என்ரை ஃபோன் சார்ஜர் எல்லாம். வீட்டில இரவும் பகலும் கரண்ட் நிக்காமல் ஓடுற இடம் ஒண்டே ஒண்டுதான்: சாமி அலுமாரி. பிள்ளையாருக்கு முன்னால அந்தச் சிவப்பு மின்விளக்கு எரியுதே, அது குத்தியிருக்கிற நீட்டு வயரில இன்னும் ரெண்டு பிளக் ஓட்டை சும்மா கிடந்தது. கீழ்த்தட்டில பழைய கலண்டர், கற்பூரப் பெட்டி, சாம்பிராணி, முந்தின வருசத்து வீபூதிப் பையெல்லாம் கிடக்கு, அதுக்குப் பின்னால பற்றரியை வைச்சுப் பிளக்கைக் குத்தி, கலண்டரால மறைச்சுவிட்டன். கற்பூரத்துக்குப் பக்கத்தில பற்றரியைச் சார்ஜ் பண்ணக்கூடாதெண்டு பேந்துதான் வாசிச்சன். ஒண்டும் எரியேல்லை, அதுக்கு நன்றி சொல்லவேண்டிய ஆள் அந்த அலுமாரியிலேயே மேல்த்தட்டில இருக்கிறார். டிசம்பர் முழுக்க வெள்ளி செவ்வாய் தவறாமல் அம்மா கண்ணை மூடித் தேவாரம் படிச்சு, மணியடிச்சுக் கற்பூரம் காட்டினது பிள்ளையாருக்கு மட்டுமில்லை, உங்கடை பற்றரிக்கும்தான். ஒரு ஆணி கூட வரக்கூடாதெண்ட மனிசி. நான் பின்னால கைகூப்பிக்கொண்டு நிண்டு சிரிப்பை அடக்கினதில ஒருநாள் விக்கல் எடுத்து, அம்மா 'பக்தி வந்திட்டுது பிள்ளைக்கு' எண்டு அப்பாட்டைச் சொன்னவ.

இதுவரைக்கும் நல்லாத்தான் போனது மாமா. டிசம்பர் முதல் ஞாயிறு நீங்கள் 'பச்சையோ?' எண்டு கேட்டீங்கள். நான் கலண்டரை விலக்கி, பச்சை லைட்டைப் படமெடுத்து அனுப்பினன், 'சிங்கத்தின் இதயம் துடிக்குது' எண்டும் எழுதினன். நீங்கள் ஒரு கும்பிடு அனுப்பினீங்கள். அந்தப் படத்தை ஞாபகம் வைச்சிருங்கோ.

இனித்தான் அசல் பிழை. ஜனவரியில தமிழ்ப் பாடசாலைப் பொங்கல் விழா. என்னைப் பட்டுச்சேலை கட்டிவிட்டு மேடையில பஞ்சபுராணம் பாடவைக்க அம்மா ஒக்டோபரிலையே பேர் குடுத்திட்டா. என்ரை குரல் உங்களுக்குத் தெரியும். அதோடை எங்கடை வகுப்புப் பெடியள் ரெண்டுபேர் படமெடுக்க வாறதெண்டு இருந்தவை. என்ன செய்யலாமெண்டு யோசிச்சு யோசிச்சு, விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கேக்கை, அப்பா பார்க்கிற அந்த மரண அறிவித்தல் பக்கத்தைத் திறந்தன். டென்மார்க்கில தம்பித்துரை எண்டு ஒரு ஐயா, எண்பத்தொரு வயசு, அப்பாவின்ரை அதே ஊர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஃபோனைக் கொண்டுபோய் அப்பாவுக்கு முன்னால பிடிச்சு, முகத்தைத் தொங்கப்போட்டு, 'அப்பா, இவர் உங்கடை ஆக்களெல்லோ?' எண்டு கேட்டன். அப்பா கண்ணாடியைப் போட்டார், கழட்டினார், திரும்பப் போட்டார். 'எங்கடை அப்பு பக்கத்தில ஒரு தம்பித்துரை இருந்தவர்தான்...' எண்டார். 'நீங்கள் ஒருக்கா சொன்னீங்களே, சின்னனில மாங்காய் பிடுங்கித் தந்தவரெண்டு' எண்டு நான் ஒரு தள்ளுத் தள்ளினன். அப்பா அப்பிடிச் சொன்னதேயில்லை. ஆனா மாங்காய் பிடுங்கித் தராத சொந்தக்காரர் ஆரிருக்கினம்? 'ஓமோம், மாங்காய்' எண்டு அப்பாவுக்குக் கண் கலங்கிட்டுது. குசினியிலையிருந்து அம்மா எட்டிப் பார்த்தா. 'அப்ப துடக்கெல்லோ?'

செத்தவீட்டுத் துடக்கெண்டால் முப்பத்தொரு நாள். கோயில் இல்லை, பொங்கல் இல்லை, விழா இல்லை, பாட்டில்லை. அறைக்குள்ள போய்க் கட்டிலில நிண்டு துள்ளினன். அந்த நேரம் அம்மா என்ன செய்தவ எண்டால், சாமி அலுமாரிக் கதவை மூடி, கும்பிட்டு, மின்விளக்குக் குத்தியிருந்த நீட்டு வயரையே சுவரிலையிருந்து இழுத்துக் கழட்டினா.

எனக்கு அது விளங்கினது முப்பதாம் நாள்.

மாமா, இதில ஒரு சொல் கூட ஏமாத்தேல்லை. துடக்கு வீட்டில சாமி அலுமாரியைத் திறக்கக்கூடாது, நானும் திறக்கேல்லை, திறக்காததால பார்க்கேல்லை, பார்க்காததால பற்றரியை மறந்தேபோனன். ஆனா ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் மறக்கேல்லை. குசினிக்குப் பின்னால பனிக்குள்ள நிண்டுகொண்டு 'பச்சையோ?' எண்டு கேட்பீங்கள். நான் கட்டிலில படுத்தபடி டிசம்பர்ப் படத்தைத் திரும்ப அனுப்புவன். ஒருநாள் கொஞ்சம் வெட்டி, ஒருநாள் சரிச்சு, ஒருநாள் மங்கலாக்கி. நீங்களும் ஒவ்வொருக்காலும் ஒரு கும்பிடு. துடக்குக் கழிஞ்ச பிறகும் அதே படம்தான். பதின்மூண்டு கும்பிடு மாமா, ஒரே படத்துக்கு. பச்சைப் பொய் எண்டு சொல்லுறவை, நான் அதைப் படமாவே எடுத்து வைச்சிருந்தனான்.

முப்பதாம் நாள் அம்மா சொன்னா, 'நாளைக்குத் துடக்குக் கழியுது, வீடு முழுக்கக் கழுவவேணும், சாமி அலுமாரியை நான் வெளியில எடுத்துத் துடைக்கப்போறன்.' அப்பதான் எனக்குப் பற்றரி ஞாபகம் வந்தது, வந்த உடனையே உயிர் போனது. அம்மா கடைக்குப் போன நேரம் அலுமாரியைத் திறந்து பார்த்தால் பச்சையுமில்லை சிவப்புமில்லை, ஒண்டுமேயில்லை. கரண்ட் இல்லாத சார்ஜரைக் கழட்டாமல் விட்டால் அது பற்றரியிலையிருந்தே மெல்ல மெல்ல உறிஞ்சுமாம், பேந்து மெக்கானிக் சொன்னது. அப்ப எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அம்மா வரப்போறா எண்டது மட்டும்தான். துவாயோடை தூக்கி ஒரு கடைப் பைக்குள்ள போட்டு, பல்கனியில பூச்சட்டிக்குப் பின்னால வைச்சன். அண்டைக்கு இரவு மைனஸ் பதினொண்டு. சார்ஜ் உள்ள பற்றரி குளிரைத் தாங்குமாம், சார்ஜ் இல்லாத பற்றரி தண்ணிப் போத்தில் மாதிரி உறைஞ்சிடுமாம். அம்மா வீட்டுக்குள்ள மஞ்சள் தண்ணி தெளிச்சுக்கொண்டிருக்க, வெளியில உங்கடை பற்றரி உறைஞ்சு ஊதிக்கொண்டிருந்தது. நாலு நாள் கழிச்சுத் திரும்ப அலுமாரிக்குள்ள வைச்சுப் பிளக்கைக் குத்தினன். பச்சை எரிஞ்சது! எரிஞ்சது எண்டுதான் நினைச்சன். அது சார்ஜர் கரண்ட் இருக்குதெண்டு காட்டுற லைட்டாம், பற்றரி லைட் அதுக்குப் பக்கத்தில இருக்கிறதாம். நீங்கள் நவம்பரில காட்டித் தந்தனீங்கள், நான் அந்த நேரம் உங்கடை சப்பாத்து நாடாக்கள் ரெண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்ததால வடிவாக் கேட்கேல்லை.

ஈஸ்டர் முடிஞ்சு நீங்கள் மலையிலையிருந்து இறங்கி வந்த சனிக்கிழமையை நான் மறக்கமாட்டன். தலைமயிர் வெட்டி, மையும் பூசி (மாமா, எல்லாருக்கும் தெரிஞ்சது), நம்பர் பிளேட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தீங்கள். அம்மாவின்ரை சிநேகிதி வழியால வந்த நொஷாட்டல் ஊர்க் கலியாணப் பேச்சு பற்றி எனக்கொண்டும் தெரியாதெண்டு எல்லாரும் நினைச்சீங்கள். எனக்கு எல்லாம் தெரியும். பேர் பிரசாந்தினி, முதியோர் இல்லத்தில வேலை, வயசு நாப்பத்திரெண்டு, மூண்டு மாதமா நீங்கள் ரெண்டுபேரும் ஃபோனில கதைச்சது, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில முதன்முதலாச் சந்திக்கிறது, 'மோட்டச்சைக்கிள்ல வாறன்' எண்டு நீங்கள் சொன்னது. குசினிக் கதவு மெல்லிசு. உங்கடை குரலும் பேருக்கேத்த குரல்.

ஞாயிறு காலமை எட்டு மணிக்குப் பற்றரியைப் பூட்டித் திறப்பைத் திருப்பினீங்கள். ஒரு 'டிக்' கூட இல்லை. நீங்கள் 'சிலவேளை குளிர்' எண்டீங்கள். திரும்பத் திருப்பினீங்கள். 'சிலவேளை வயர்' எண்டீங்கள், பற்றரிக் கம்பெனிக்காரனையும் திட்டினீங்கள். நான் பக்கத்தில நிண்டன், சொல்லியிருக்கலாம், ஆனா போர்வையை மடிச்சுக்கொண்டிருந்தன். தள்ளி ஸ்ராட் பண்ணலாமெண்டு அப்பா சொல்ல, மேல போற சரிவில அப்பாவும் நானும் தள்ள, மோட்டச்சைக்கிளைக் கண்ணாலையும் காட்டக்கூடாதெண்ட அம்மா ஹவுஸ்கோட்டோடை இறங்கிவந்து, 'தம்பி, கிளச்சை விடு, கிளச்சை விடு' எண்டு கத்திக்கொண்டு தள்ளினா. அம்மாவுக்குக் கிளச் எண்டால் என்னெண்டு தெரியாது, எங்கையோ கேட்டு வைச்சிருக்கிறா. மூண்டாவது தரம் தள்ளேக்கை ஹெர் ஓடர்மாட் செருப்போடை வந்தார். ஞாயிற்றுக்கிழமை, சத்தம் போடக்கூடாது, இது ஓய்வு நாள் எண்டார். அப்பா காரிலையிருந்து கேபிள் எடுத்துக்கொண்டு வர, ஹெர் ஓடர்மாட் குனிஞ்சு பற்றரியைப் பார்த்தார், உடனே ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு குறுக்க நிண்டார். 'இது வயிறு ஊதியிருக்கு, இதுக்குக் கேபிள் பூட்டினால் வெடிக்கும்' எண்டார். ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடையும் திறப்பில்லை, முழு சுவிசிலையும் ஒரு பற்றரி வாங்க ஏலாது. நீங்கள் 'ஊதிறதெண்டால் உறைஞ்சிருக்கவேணும்... வீட்டுக்குள்ள இருந்தது எப்பிடி உறையும்?' எண்டு சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தீங்கள். நான் நிலத்தைப் பார்த்தன்.

நீங்கள் கத்தியிருந்தால் நல்லா இருந்திருக்கும் மாமா. ஃபோனை எடுத்தீங்கள், பழைய ஞாயிறுப் படங்களை ஒவ்வொண்டாத் திறந்தீங்கள், பெருசாக்கிப் பார்த்தீங்கள். மூலையில வீபூதிப் பையின்ரை நுனி, பதின்மூண்டிலையும் அதே இடத்தில. 'கெட்டிக்காரி' எண்டு மட்டும் சொன்னீங்கள். பேந்து ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு, ஓடாத மோட்டச்சைக்கிள்ல ஏறி, ஒரு மணித்தியாலம் கராஜுக்குள்ளேயே இருந்தீங்கள். லைட் ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா தானா நிண்டுபோகும். நான் படிக்கதவுக்குப் பின்னாலையிருந்து ஒவ்வொரு தரமும் சுவிச்சை அமத்தினன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, அதுவும் நான்தான்.

அண்டைக்குப் பின்னேரம் அம்மா அப்பாவுக்கு முன்னால எல்லாத்தையும் சொன்னன். பற்றரி, பல்கனி, படம், மாங்காய். அம்மா அகப்பையை எடுக்கேல்லை. 'சித்திரை விழாவில பாடு' எண்டா, அவ்வளவுதான். பாடினன். பட்டுச்சேலையோடை, ரெண்டு தரம், வகுப்புப் பெடியள் ரெண்டுபேரும் முன்வரிசையில. அந்த வீடியோ இருக்கு, நீங்கள் என்னை அன்பிளொக் பண்ணினால் நானே அனுப்பிறன். அப்பாவுக்குத்தான் கவலை. ஜனவரியில தம்பித்துரை ஐயாவின்ரை மகளோடை நாப்பது நிமிசம் ஃபோனில கதைச்சு அழுதவர். 'ஆரெண்டு தெரியாத மனிசனுக்கு அழுதிருக்கிறன்' எண்டு முகத்தை அங்கால திருப்பினார். அந்தப் பக்கத்து ஆக்களும் பாவம், செத்தவீட்டுக்கு எடுத்தவரை 'நீங்கள் ஆர்' எண்டு கேட்கலாமோ, எல்லாத்துக்கும் 'ஓம், ஓம்' எண்டிருக்கினம்.

உங்கடை வீட்டுக்கு மூண்டு தரம் வந்து மணியடிச்சன், திறக்கேல்லை. உள்ளுக்க ரசம் தாளிச்ச மணம் வந்தது. அதால போன சனிக்கிழமை அம்மாட்டை உண்மையைச் சொல்லிப்போட்டு (உண்மையைச் சொல்லிப்போட்டுப் போறது புதுப் பழக்கம், நேரம் மிச்சம்) ரெயின் எடுத்து நொஷாட்டல் போனன். அம்மா ஒரு பெட்டி பயத்தம் பணியாரமும் கட்டித் தந்தவ. பிரசாந்தினி அன்ரியை அவ வேலை செய்யிற முதியோர் இல்ல வாசலில பிடிச்சன். 'நான் இராஜசிங்கத்தின்ரை மருமகள், பற்றரியைச் சாகடிச்சது நான்' எண்டு ஒரே மூச்சில சொன்னன். அவ என்னை மேலையும் கீழையும் பார்த்திட்டு, 'எந்தப் பற்றரி? அவர் ஹோட்டல்ல திடீரெண்டு வேலை வந்திட்டுதெண்டெல்லோ எழுதினவர்' எண்டா.

மாமா. சீசன் முடிஞ்சு ஹோட்டல் பூட்டின பிறகு என்ன வேலை? பொய் சொல்ல முதல் என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம்.

ஏரிக்கரை வாங்கில இருந்து நான் எல்லாத்தையும் சொன்னன், சாமி அலுமாரியிலையிருந்து ஹெர் ஓடர்மாட் வரைக்கும். அம்மா பற்றரிக்குக் கற்பூரம் காட்டின இடத்தில அவ சிரிச்சுச் சிரிச்சு, பணியாரம் புரைக்கேறி, நான் முதுகில தட்டவேண்டி வந்தது. பேந்து பணியாரப் பெட்டியை மூடி வைச்சா. 'அப்ப என்னைப் பிடிக்கேல்லை எண்டில்லையோ?' எண்டு கேட்டா. கேட்ட விதம் உங்களுக்கு எழுத வரேல்லை எனக்கு. படத்தில வேற மாதிரித் தெரிஞ்சு, நேரில பார்க்க முதலே மனம் மாறிட்டீங்கள் எண்டு நினைச்சு, ரெண்டு கிழமையா உங்கடை நம்பரை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைச்சிருக்கிறா. நான் பகிடிக்கெண்டு ஒரு வயரை மறந்தன். அதின்ரை மற்ற நுனி நொஷாட்டலில ஒரு மனிசியின்ரை மனசில போய் முடிஞ்சிருக்கு. அண்டைக்குத்தான் எனக்குச் சரியாக் குத்தினது.

'ரெயின்ல வந்திருந்தால் என்ன?' எண்டும் கேட்டா. மோட்டச்சைக்கிள்ல வாறனெண்டு மூண்டு தரம் சொன்னவர், ரெயின்ல வந்திறங்க வெக்கப்பட்டிருப்பார் எண்டன். அதுக்கு அவ சொன்னதை அப்பிடியே எழுதிறன்: 'எனக்கு மோட்டச்சைக்கிள் எண்டாலே நடுக்கம் பிள்ளை. அவர் ஆசையாக் கதைக்கிறாரே எண்டுதான் ஓமோம் எண்டனான். அண்டைக்கு அவர் வரேல்லை எண்டு மெசேஜ் வந்த உடனே முதல்ல, அப்பாடா எண்டுதான் இருந்தது. பேந்துதான் அழுகை வந்தது.'

ஆகவே மாமா, நான் கெஞ்சிக் கேட்கிறது இரண்டு. ஒண்டு, அவவுக்கு ஃபோன் எடுங்கோ. மற்றது, என்னை மன்னியுங்கோ. ரெண்டில ஒண்டுதான் ஏலுமெண்டால் முதலாவதைச் செய்யுங்கோ. இனிமேல் பகிடி விடமாட்டன் எண்டு எழுத இருந்தன். உங்களுக்கு இன்னொரு பொய் எழுதக்கூடாதெண்டு விட்டிட்டன். உங்களோடை மட்டும் விடமாட்டன், நீங்களாக் கேட்டாலொழிய.

பிள்ளையார் உங்களுக்கு நீண்ட ஆயுளும், பூட்டாத கதவும், மாறாத பச்சை லைட்டும் தர வேண்டுகிறேன். அப்பாவின் வணக்கமும், அம்மாவின் 'ஒழுங்காச் சாப்பிடுறானோ' என்ற விசாரணையும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பைக் கோரும் முன்னாள் இன்சார்ஜ்,
ரிஷானி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போற நேரம் தபால் வந்தது. டென்மார்க்கிலையிருந்து ஒரு தடிச்ச உறை. தம்பித்துரை ஐயாவின்ரை முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிச்ச கல்வெட்டுப் புத்தகம், விலாசம் பிழைச்சு ரெண்டு மாதம் சுத்தி வந்திருக்கு. பின்பக்கத்தில வம்சாவளி மரம் கிடக்கு. அதில அப்பாவின்ரை அப்புவின்ரை பேர் இருக்கு, அவரோடை கூடப்பிறந்த தமையன்ரை மகன்தான் தம்பித்துரை ஐயா. அப்பா ஃபோனில சொன்னதைக் கேட்டு அச்சடிச்சிட்டினமோ எண்டு எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனா பத்தாம் பக்கத்தில ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் கிடக்கு. இளந்தாரியா ஐயா கதிரையில இருக்கிறார், அவரின்ரை மடியில ஒரு சின்னப் பெடியன், கையில மாங்காய். அப்பா. முப்பத்தொரு நாளும் உண்மையான துடக்கு, மாமா. நான் பொய்யெண்டு நினைச்சுச் சொன்னது முழுக்க உண்மை. அப்பா அந்தப் படத்தை வைச்சுக்கொண்டு அரை மணித்தியாலமா வாங்கில இருக்கிறார், அம்மா தேத்தண்ணி கொண்டுபோய் வைச்சிட்டு வந்திட்டா.

அப்ப மேல எழுதின குற்ற ஒப்புதலில பாதி செல்லாது. அம்மா வயரைக் கழட்டினதும் முறைதான், நான் அலுமாரியைத் திறக்காததும் முறைதான். ஒரு நிமிசம் எனக்குச் சந்தோசமா இருந்தது, கடிதத்தைக் கிழிச்சுப்போட்டு 'நிரபராதி' எண்டு ஒரு சொல்லில எழுதலாமோ எண்டும் யோசிச்சன். பேந்து எண்ணிப் பார்த்தன். அந்தப் பதின்மூண்டு படத்துக்கும் துடக்கில்லை, அதை டென்மார்க்கில ஒருத்தரும் அனுப்பேல்லை. பார்க்கச் சொன்னீங்கள், நான் பார்க்கேல்லை. அது அப்பிடியே நிக்குது.

இன்னுமொண்டு, இதுக்காகத்தான் கடைசிப் பக்கத்தை முதல்ல பார்க்கவேண்டாமெண்டனான். பிரசாந்தினி அன்ரி இந்த ஞாயிறு வாறா, ரெயின்ல, பதினொரு மணிக்கு சூக் ஸ்ரேசன். நான் கேட்டனான், 'மாமி எண்டு கூப்பிடலாமோ' எண்டு. அவ இன்னொரு பணியாரம் எடுத்துத் தந்தா. நீங்கள் நடந்தே போங்கோ.

புதுப் பற்றரியை அப்பாவும் நானும் நேற்றுப் பூட்டியாச்சு. ஹெர் ஓடர்மாட் தானே வந்து அந்தக் குட்டிப் பூட்டைத் திறந்து, ஒரே ஒரு நாளைக்கு எண்டு சொல்லிப் பிளக் தந்தார். இப்ப என்ன நிறத்தில எரியுதெண்டு எழுதமாட்டன், படமும் அனுப்பமாட்டன். கதவு திறந்துதான் கிடக்கு, வந்து உங்கடை கண்ணால பாருங்கோ.